யானினா ஏரிக்கரையில்

பாம்வோடிஸ் ஏரி அமைதியே உருவானது. சுற்றிலும் மலைகள், கரையில் பழைய கோட்டை. கிரீஸ் தேசத்தின் வடமேற்கே உள்ள யானினா நகரைக் காணச் செல்கிறவர்கள் முதலில் இந்த அழகில்தான் மயங்குகிறார்கள். நானும் மயங்கினேன். ஆனால், சரித்திரம் தெரிந்த கண்ணுக்கு இந்த நீர் வேறு விதமாகவும் தெரியும்.

துருக்கி சுல்தானின் பிரதிநிதியாக 1788 முதல் இங்கே அதிகாரம் செலுத்தியவன் அலி பாஷா. 1809-இல் வந்த ஆங்கிலக் கவி பைரனை உபசரித்து மகிழ்ந்தவன். அதே அலிதான் 1801-இல் ஃப்ரோசினி என்னும் அழகியையும் வேறு பல பெண்களையும் இந்த ஏரியில் அமிழ்த்திக் கொல்லச் செய்தான். தன் மகனோடு அவள் கொண்ட உறவே காரணம் என்பார்கள்.

பிற்பாடு சுல்தானையே எதிர்த்த அலிக்கும் முடிவு இந்த ஏரியின் நடுவில்தான் காத்திருந்தது. படகேறித் தீவுக்குச் சென்றேன். அங்குள்ள மடத்தில்தான் 1822 ஜனவரியில் சுல்தானின் வீரர்கள் அவனைக் கொன்றார்கள். பலகைத் தரையில் குண்டு துளைத்த ஓட்டைகளை இன்றும் காட்டுகிறார்கள். தலை கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போயிற்று. கோட்டைக்குள் இருக்கும் கல்லறையில் உடல் மட்டுமே.

பாஷாவின் சின்னங்களைப் பார்க்க என் போன்ற யாத்திரிகர்கள் வருகிறோம். அந்நாட்டு மக்களோ தங்கள் நாட்டுப் பாடல்களில் ஃப்ரோசினிக்காக அழுதிருக்கிறார்கள். மக்கள் யாருக்காக அழுதார்கள் என்பதும் சரித்திரம்தானே?