தானியங்கி லினக்ஸ் நிறுவலில் வலையட்டைத் தேர்வு

விசைப்பலகையருகே அமர்ந்து விடையளிப்பார் எவருமின்றி லினக்ஸைக் கணினியில் ஸ்தாபிக்கும் முறையில், பல வலையட்டைகள் பொருத்தப்பெற்ற சர்வரில் எவ்வட்டையின் வாயிலாக வலையை அணுகுவது என்பதை நிறுவல் நிரல் நிர்ணயிக்கும் செயல். டெபியனில் இதுபற்றி நேரும் தடங்கல்களுள் பிரதானமானது விசித்திரமானதும்கூட: எந்த அட்டையைக் கொள்வது என்ற விடை அடங்கிய பிரிசீட் கோப்பு வலை வழியே வரவேண்டியிருக்க, அவ்வலையை அடைவதற்கே அட்டையைத் தேர்ந்தாக வேண்டியிருப்பதால், கோப்பு வந்து சேருமுன்னரே வினா திரையில் எழுந்து, நிறுவல் ஸ்தம்பித்து நின்றுவிடும். கோப்பினுள் எத்துணை முறை திருத்தினும் பயனில்லை; கர்னலின் துவக்க வரியிலேயே 'இன்டர்ஃபேஸ்=ஆட்டோ' என எழுதுவதே பரிகாரம்.

இப்பரிகாரமும் பூரணமானதன்று. இணைப்பு உயிர்ப்புடன் உள்ள அட்டையை நாடுவதே அதன் இயல்பாதலின், இரண்டு அட்டைகளிலும் கேபிள் செருகப்பட்டிருந்து, முன்னது சேமிப்பகத்திற்கென ஒதுக்கிய தனி வலையைச் சார்ந்ததாயின், நிரல் அங்கேயே ஐபி முகவரி கேட்டு ஏமாறும். ரெட் ஹேட் மரபின் கிக்ஸ்டார்ட் முறையில் 'பூட்இஃப்' என்னும் குறிப்பு இச்சங்கடத்தைத் தீர்க்கிறது. வலைவழித் துவக்கம் எந்த அட்டையில் நிகழ்ந்ததோ அதன் மேக் முகவரியைப் பிஎக்ஸ்ஈலினக்ஸ் என்னும் துவக்க நிரல் கர்னலுக்கு அறிவிக்க, நிறுவலும் அதையே பற்றிக்கொள்கிறது. அட்டையின் பெயரைக் காட்டிலும் மேக் முகவரியை நம்புவது உசிதம். 2013-இல் சிஸ்டம்டி என்னும் லினக்ஸ் மேலாண்மை நிரலின் 197-ஆம் பதிப்பு 'ஈத்0' போன்ற பழம்பெயர்களுக்குப் பதிலாக வன்பொருளின் ஸ்தானத்தை ஒட்டிய பெயர்களைப் புகுத்தியபின், பழைய கோப்புகள் பல பயனற்றுப்போயின.

தேர்வு சரியாயிருந்தும் ஐபி முகவரி கிட்டாவிடின், ஸ்விட்சையும் சந்தேகிக்கலாம்: ஸ்பேனிங் ட்ரீ விதியின்படி புதிய இணைப்பு சுமார் 30 விநாடி தரவை அனுப்பாது தாமதிக்கும்.