டிராக்டர் இருக்கையும் அதன் பழுதுநீக்கமும்: ஒட்டன்சத்திரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

உழவு எந்திரத்தில் ஓட்டுநர் அமரும் இருக்கை, எந்திரத்தின் அதிர்வுக்கும் மனித முதுகெலும்புக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பு ஆகும். எஞ்சின், கியர்ப்பெட்டி, கலப்பை ஆகியவற்றின் வரலாறு விரிவாக எழுதப்பட்ட அளவுக்கு இருக்கையின் வரலாறு எழுதப்படவில்லை. தொடக்கத்தில் இருக்கை ஓட்டுநரின் வசதிக்காக அமைக்கப்படவில்லை. அவருடைய உடல் எடையை வேலைக்குப் பயன்படுத்தவே அமைந்தது. அந்த எடைக்குரிய உடலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் வலுப்பெற்றது. ஆடும் இருக்கையைச் சரிசெய்யாமல் ஓட்டுபவர் இந்த மாற்றத்தின் பயனை இழக்கிறார்.

வட்டாரப் பின்னணி

திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே அமைந்துள்ள ஒட்டன்சத்திரம், தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றைக் கொண்ட ஊர். இங்கிருந்து கேரளத்துக்கு நாள்தோறும் காய்கறி செல்கிறது. சுற்றுவட்டாரச் செம்மண் நிலங்களில் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம், மக்காச்சோளம், கண்வலிக்கிழங்கு ஆகியவை பயிராகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால், இங்கு வேளாண்மை நெடுங்காலமாகக் கிணற்றையே நம்பியிருந்தது. உழவுக் கருவியின் மீது மனிதர் அமர்ந்த வரலாறும் இங்குக் கிணற்றடியிலிருந்தே தொடங்குகிறது.

கமலை வடத்தில் அமர்ந்தவர்

மின் இறைப்பிகள் பரவுவதற்கு முன்பு, கிணற்று நீர் கமலையால் இறைக்கப்பட்டது. கொங்குப் பகுதியில் இது கவலை எனப்படும். நீர் நிரம்பிய சாலை மேலே இழுக்க, இரண்டு மாடுகள் சரிவான பாதையில் கீழ்நோக்கி நடக்கும். அப்போது கமலை ஓட்டுபவர் இறுகி நிற்கும் வடக்கயிற்றின் மேல் ஏறி அமர்ந்துகொள்வார். அவருடைய எடையும் சேர்ந்து வடத்தை இழுப்பதால் மாடுகளின் சுமை குறையும். நீர் வாய்க்காலில் கொட்டியதும் அவர் இறங்கிக்கொள்ள, மாடுகள் பின்னோக்கி மேட்டுக்கு ஏறும்.

அந்தக் கயிறுதான் அவருக்கு இருக்கை. அமர்வது ஓய்வன்று, அதுவே வேலையின் ஒரு பகுதி. உழுத வயலில் பரம்படிக்கும்போது பரம்பு மரத்தின் மேல் ஆள் ஏறி நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சாமான்கள் ஏற்றும் கட்டை வண்டியிலும் ஓட்டுபவருக்கெனத் தனி இருக்கை கிடையாது. வண்டியின் முன்பகுதியில் வைக்கோல் திணித்த சாக்கைப் போட்டு அமர்வதே வழக்கம். ஆட்கள் பயணம் செய்யும் வண்டியில் மட்டும் அச்சுக்கு மேலே எஃகு வில்பட்டைகள் பொருத்தப்பட்டன. அதற்கு வில்வண்டி என்றே பெயர் வந்தது. குலுக்கலைத் தாங்க வில்பட்டை வேண்டும் என்பது தமிழ் ஊர்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அது பயணம் செய்பவருக்குக் கிடைத்தது. பாரம் ஓட்டியவருக்குக் கிடைக்கவில்லை.

வார்ப்பிரும்பு இருக்கை

மேலை நாடுகளிலும் தொடக்கநிலை இதிலிருந்து வேறுபடவில்லை. 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1834இல் அமெரிக்காவின் சைரஸ் மெக்கார்மிக் கதிர் அறுக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பட்டிங்கின் எந்திரத்தை ஆள் நடந்து தள்ளவேண்டும். மெக்கார்மிக்கின் முதல் எந்திரத்திலும் அறுந்த கதிரை வாரித் தள்ளுபவர் உடன் நடந்தே வந்தார்.

குதிரை இழுக்கும் எந்திரங்கள் பெருகியபோது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வார்ப்பிரும்பு இருக்கைகள் பரவின. இவற்றில் பூவேலைப்பாடு போன்ற துளைகளும் தயாரிப்பாளரின் பெயரும் வார்க்கப்பட்டிருக்கும். துளைகளின் வழியே மழைநீர் வடியும், காற்றும் புகும். புல் அறுக்கும் எந்திரங்களில் இருக்கை பெரும்பாலும் சக்கர அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் இரும்புப் பட்டையின் நுனியில் இருந்தது. ஓட்டுநரின் எடை பின்பக்கம் அழுத்துவதால், குதிரைகளின் கழுத்தில் விழும் பாரம் குறைந்தது. கமலை வடத்தில் அமர்ந்தவரைப் போலவே இவரும் ஓர் எடைக்கல்லாகவே பயன்பட்டார்.

வார்ப்பிரும்பு எளிதில் விரிசல் விடும். அதைக் கொல்லுலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைக்க முடியாது. ஆகவே உடைந்த இருக்கையின் அடியில் இரும்புத் தகடு வைத்து, இருபுறமும் துளையிட்டு ஆணி அறைந்து இறுக்குவதே அக்காலத்துப் பழுதுநீக்கமாக இருந்தது.

தகட்டு இருக்கை

அடுத்து வந்தது எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்த கிண்ண வடிவ இருக்கை. 1946இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் வெளிவரத் தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1956 வரை இவ்வகை டிராக்டர்கள் 5 இலட்சத்துக்கும் மேல் தயாராயின. வளைந்த எஃகுப் பட்டையின் மேல் தகட்டுக் கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். பட்டை வில் போல வளைந்து கொடுக்கும்.

இந்த வடிவத்தின் எளிமை கலைஞர்களையும் கவர்ந்தது. 1957இல் இத்தாலியின் அக்கீலே, பியெர் ஜாக்கோமோ காஸ்டிலியோனி சகோதரர்கள் டிராக்டர் இருக்கையை அப்படியே எடுத்து ஒரு முக்காலி வடிவமைத்தனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மெட்சாத்ரோ'. வாரத்துக்குப் பயிரிடும் குடியானவரை இத்தாலியில் அப்படி அழைப்பர்.

ஆனால் வயலில் இந்த எளிமைக்கு விலை இருந்தது. வில்பட்டை குலுக்கலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அடக்காது. ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பின்னும் இருக்கை பலமுறை துள்ளும். வண்டியின் ஆட்டமும் பட்டையின் ஆட்டமும் ஒரே வேகத்தில் அமைந்துவிட்டால் குலுக்கல் குறைவதற்குப் பதிலாகப் பெருகும்.

உடலைக் கணக்கில் எடுத்த காலம்

அமர்ந்த நிலையில் உள்ள மனித உடல், நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆடும் அதிர்வால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. டிராக்டர் வயலில் ஆடும் வேகமும் பெரும்பாலும் இந்த எல்லையைத் தொடுகிறது. முதுகு வலி டிராக்டர் ஓட்டுநர்களின் தொழில் நோயாக அறியப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

1960இல் அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனம் அறிமுகப்படுத்திய 4010 டிராக்டரின் இருக்கை இவ்வகையில் ஒரு திருப்பம். வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் குழுவினருக்கு மருத்துவர் ஜேனட் டிராவெல் ஆலோசனை வழங்கினார். தசை வலி ஆய்வில் பெயர்பெற்ற இவர், அடுத்த ஆண்டே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் மருத்துவரானார். முதுகுத் தாங்கல், ஓட்டுநரின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்பச் சரிசெய்யும் வசதி ஆகியவை அந்த இருக்கையில் இடம்பெற்றன.

பின்னர் ஸ்பிரிங்கோடு அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பரும் இணைந்த இருக்கைகள் பரவலாயின. உடல் முழுவதும் ஏற்கும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை 1974இல் வெளிவந்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம், 8 மணி நேர வேலையில் உடல் ஏற்கும் அதிர்வுக்கு 1.15 மீட்டர்/நொடி² என்ற உச்ச வரம்பை விதித்தது, 0.5ஐத் தாண்டினாலே வேலை கொடுப்பவர் நடவடிக்கை எடுக்கவேண்டும்.

தமிழகத்தில் டிராக்டர் இருக்கை

இந்தியாவில் தயாரான முதல் டிராக்டரை 1959இல் ஐஷர் நிறுவனம் ஃபரிதாபாத்தில் வெளியிட்டது. 1960இல் சென்னையில் மாசி ஃபெர்குசன் கூட்டுறவுடன் 'டஃபே' நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னை செம்பியத்தில் உற்பத்தியைத் தொடங்கிய இந்நிறுவனம், பின்னர் மதுரை அருகே கல்லடிப்பட்டியிலும் ஆலை அமைத்தது. ஃபெர்குசன் டிராக்டரின் வழிவந்த தகட்டு இருக்கை இவ்வாறு தமிழக வயல்களுக்கு வந்து சேர்ந்தது. வெயிலில் கொதிக்கும் தகட்டின் மேல் சாக்கையோ பழைய துணியையோ மடித்துப் போட்டுக்கொள்வது ஓட்டுநர்களின் வழக்கமானது. வண்டிக்காரரின் வைக்கோல் சாக்கு மீண்டும் வந்தது.

பிறகு ரப்பர் பூசிய தேங்காய் நாரும், அதன்பின் நுரைப்பஞ்சும் ரெக்சின் உறையுடன் இருக்கையில் ஏறின. பழுதுநீக்குபவரும் மாறினார். கொல்லரிடம் போன இருக்கை வெல்டிங் பட்டறைக்கும், பின்னர் இருசக்கர வண்டிக்குச் சீட் கவர் தைக்கும் கடைக்கும் போகத் தொடங்கியது.

பழுதும் பழுதுநீக்கமும்

இருக்கை ஆடத் தொடங்கினால் எங்கிருந்து ஆடுகிறது என்று முதலில் பார்க்கவேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இருக்கையைக் கையால் முன்பின்னும் பக்கவாட்டிலும் அசைத்தால் இடம் தெரிந்துவிடும்.

போல்ட் தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். வெறுமனே முறுக்கினால் அதிர்வில் மீண்டும் தளரும். ஸ்பிரிங் வாஷரோ நைலான் வளையம் உள்ள நட்டோ போட்டு இறுக்கவேண்டும். துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் பெரிய வாஷர் தற்காலிக உதவிதான். துளையை அடைத்து மீண்டும் துளையிடுவதே நிலையான வழி.

கீல் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். முன்பின் நகரும் தண்டவாளத்தில் மண் சேர்ந்து பூட்டு சரியாக விழாமல் போவதும் உண்டு. மண்ணைச் சுரண்டிக் கழுவி, காய்ந்தபின் கிரீஸ் தடவினால் இது சரியாகும்.

தகட்டுக் கிண்ணத்தில் விரிசல் இருந்தால் வெல்டிங் வைக்கலாம். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு, அடியில் தகடு கொடுத்துப் பற்றவைத்தால் விரிசல் மேலும் ஓடாது. ஆனால் வில்பட்டையில் வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் எஃகின் பதம் கெட்டு, பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே பட்டை திடீரென ஒடியும். ஒடிந்த பட்டையை மாற்றுவதே வழி. வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பஞ்சையும் ரெக்சினையும் அகற்றி, இருக்கையைத் தனியே எடுத்துக்கொள்ளவேண்டும்.

கிழிந்த ரெக்சினை வேனிற்காலத்திலேயே தைத்துவிடுவது நல்லது. கிழிசல் வழியே புகும் மழைநீரைப் பஞ்சு குடித்துக்கொள்ள, அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே உறை நன்றாகத் தெரியும்போதே அடித்தகடு உதிர்ந்துவிடக்கூடும்.

டிராக்டர் ஓடும்போது இருக்கை கழன்றால் ஓட்டுநர் விழும் இடம் பின்சக்கரத்துக்கோ சுழலும் ரோட்டவேட்டருக்கோ அருகில்தான். டிராக்டர் கவிழும்போது காக்கும் சட்டத்தைப் புதிய டிராக்டர்களில் 1959லேயே ஸ்வீடன் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டமும் இருக்கைப் பட்டையும் சேர்ந்தே உயிர்காக்கும். ஆடும் இருக்கையில் கட்டிய பட்டையை நம்ப முடியாது.

புல்வெட்டும் ஊர்தியின் இருக்கை

விளையாட்டு மைதானங்களிலும் பெரிய வளாகங்களிலும் ஓடும், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் எந்திரத்தின் இருக்கை டிராக்டர் இருக்கையின் தம்பி போன்றது. முன்பக்கம் ஒரு கீல், அடியில் ஸ்பிரிங்குகள் என்பதே அதன் பொதுவான அமைப்பு. கூடுதலாக இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுநர் எழுந்துவிட்டால் அந்தச் சுவிட்ச் வெட்டும் கத்தியையோ எஞ்சினையோ நிறுத்திவிடும்.

இருக்கை தளர்ந்தால் இந்தச் சுவிட்ச் சரியாக அழுந்தாது. எந்திரம் அடிக்கடி நின்றுபோகும். சுவிட்சின் இரண்டு ஒயர்களை நேரடியாக இணைத்துத் தொல்லையை முடிப்பது மிக ஆபத்தான வழி. ஓட்டுநர் விழுந்த பின்னும் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். சில வகைகளில் பேட்டரியும் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், உடைந்த ஸ்பிரிங் அதன் முனைகளில் பட்டுத் தீப்பொறி எழவும் கூடும். கீலையும் ஸ்பிரிங்கையும் சரிசெய்தாலே பெரும்பாலும் சுவிட்சும் ஒழுங்காகிவிடும்.

கமலை வடத்தில் ஓட்டுபவரின் எடை மாட்டுக்குத் துணை நின்றது. இன்றைய சுவிட்சோ அவர் இருக்கையில் இருக்கிறாரா என்று அந்த எடையைக் கொண்டே கண்டறிந்து எந்திரத்தை நிறுத்துகிறது. வேலைக்கு உதவிய எடை, இன்று அமர்ந்திருப்பவரின் உயிரைக் காக்கவும் பயன்படுகிறது. தளராத ஒரு போல்ட்டும் தைத்த ஓர் உறையும் இந்த மாற்றத்தை வயலில் நிலைநிறுத்துகின்றன.