மூடப்படுவதற்கு முன்: ஸ்டீவ் மெக்வீனின் 'கிரென்ஃபெல்'

2017 ஜூன் 14. மேற்கு லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் குடியிருப்பு எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் மக்கள், புலம்பெயர்ந்த குடும்பங்கள். கட்டடம் நின்றதோ பிரிட்டனின் மிகப் பணக்கார உள்ளாட்சிப் பகுதிகளில் ஒன்றில்.

இதை விபத்து என்று சொல்லிவிட முடியுமா? தீ தொடங்கியது நான்காவது மாடியில், ஒரு குளிர்சாதனப் பெட்டியில். அதை உச்சிவரை ஏற்றியது, 2016இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட, எளிதில் தீப்பற்றும் தகடுகள். பெரும் உயிர்ப்பலி நேர்ந்த பிறகுதான் நிர்வாகத்தின் லட்சணம் வெளியே தெரியும் என்று 2016 நவம்பரிலேயே குடியிருப்போர் குழு எழுதியிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டீவ் மெக்வீன் வருகிறார். 1969இல் லண்டனில் கரீபியக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1999இல் டர்னர் பரிசு பெற்றவர். அடிமைமுறை பற்றிய '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்துக்காக ஆஸ்கரையும் வென்றவர்.

அரசு மறக்க விரும்பும் மரணங்களைக் கண்முன் நிறுத்துவது அவருக்குப் புதிதல்ல. ஈராக் போரில் இறந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் முகங்களைத் தபால்தலைத் தாள்களாக்கி, மர அலமாரியில் அடுக்கிக் காட்சிக்கு வைத்தார். அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட அஞ்சல் நிறுவனம் முன்வரவில்லை. ஆனால் அந்த அலமாரியில் ஈராக்கியரின் முகங்கள் இல்லை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிரென்ஃபெல் கட்டடம் விரைவில் துணியால் மூடப்படும் என்று தெரிந்ததும், 2017 டிசம்பரில் ஹெலிகாப்டரிலிருந்து படம்பிடித்தார். சுமார் 24 நிமிடப் படம். நகரின் விளிம்பிலிருந்து இரைச்சலோடு வரும் கேமரா, கட்டடத்தை நெருங்கியதும் ஒலி அடங்கிவிடுகிறது. பிறகு கருகிய ஜன்னல்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பேட்டி இல்லை, விளக்கவுரை இல்லை. பார்ப்பவர் கண்ணை விலக்க வழியில்லை.

2023இல் லண்டன் செர்பென்டைன் கலைக்கூடத்தில் திரையிடும் முன், உறவுகளை இழந்தோருக்கும் உயிர் தப்பியோருக்கும் தனியாகக் காட்டினார்கள். இறந்த 72 பேரின் பெயர்களும் அங்கே சுவரில் இருந்தன. படம் விற்பனைக்கு வைக்கப்படவில்லை.

எல்லா மரணங்களும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று 2024 செப்டம்பரில் விசாரணை அறிக்கை சொன்னது. அன்றுவரை அந்த மரணங்களுக்காக ஒருவர்மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. 2025 பிப்ரவரியில், கட்டடத்தையே பிரித்து அகற்றப்போவதாக அரசு அறிவித்தது.

கொடுமை நடந்த இடத்தை முதலில் மூடுவார்கள், பிறகு இடிப்பார்கள், கடைசியில் நினைவுச்சின்னம் எழுப்புவார்கள். ஆவணப்படுத்த நினைக்கும் தோழர்களே, நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த முதல் துணி விழும்வரைதான்.