கடல் தாண்டிய சரக்கு – 17: ரோமாபுரியின் கூந்தலில் தெரளி இலை

மாசியில் ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக ஓர் இலை வந்து இறங்கும். மலையாளத்தில் வயண இலை. குமரி மாவட்டத்தில் தெரளி. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். கசக்கி முகர்ந்தால் பட்டையும் கிராம்பும் கலந்த வாசம். வறுத்த அரிசி மாவு, வெல்லம், தேங்காய்த் துருவல், வாழைப்பழம், ஏலம், சீரகம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, இலையைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் அடைத்து, ஈர்க்கு குத்தி ஆவியில் வேகவைத்தால் தெரளியப்பம். தின்னும்போது இலையை உரித்து எறிந்துவிடுவார்கள். அதன் வேலை வாசம் கொடுப்பதோடு முடிந்தது.

இந்த இலைக்கோ, இமயமலை அடிவாரத்தில் வளரும் இதன் பங்காளிக்கோதான் கிரேக்கரும் ரோமானியரும் 'மலபாத்ரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் மலையில் விளைவதற்குத் தாவரவியலார் சூட்டிய பெயரே 'சின்னமோமம் மலபாத்ரம்'. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் ஹோரஸ், மலபாத்ரத் தைலம் பூசிப் பளபளத்த தலைமுடியைப் பாடியிருக்கிறார். ஆனால் அதைச் சிரியாவின் சரக்கு என்கிறார். கடைசியாகக் கைமாறிய ஊரின் பெயர்தானே வாங்குபவருக்குத் தெரியும்!

மருத்துவர் டியாஸ்கோரிடிஸ் கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர். நாக்கின் அடியில் இந்த இலையை வைத்தால் வாய் மணக்கும், துணிக்கு நடுவே வைத்தால் பூச்சி அரிக்காது என்று சரியாகவே எழுதினார். இலை எங்கே விளைகிறது என்ற இடத்தில்தான் சறுக்கினார். இந்தியச் சதுப்பு நிலங்களில் வேரே இல்லாமல் தண்ணீரில் மிதக்குமாம். பறித்து நூலில் கோத்துக் காயவைப்பார்களாம். அகத்தியர்கூடத்து அடிவாரத்தில் ஒருநாள் நடந்திருந்தால் அண்ணாந்து பார்த்திருப்பார்.

அதே நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' இன்னும் நம்பகமானது. மேற்குக் கரைத் துறைமுகங்களான முசிறியிலும் நெல்கிந்தாவிலும் ஏற்றப்பட்ட சரக்குகளில், உள்நாட்டிலிருந்து வந்த மலபாத்ரமும் உண்டு. தெற்கே வந்தால் செம்மலை, அதைத் தாண்டினால் நல்ல துறைமுகம் கொண்ட பலிதா என்கிறது அந்நூல். செம்மலையை வர்க்கலைக் குன்றுகள் என்றும், பலிதாவை விழிஞ்ஞம் என்றும் அடையாளம் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. விழிஞ்ஞம் பிற்காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்தது. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வும் நடத்தியிருக்கிறது.

அன்றைய வாசனைத் தைலத்தில் சாராயம் கிடையாது, எண்ணெய்தான் அடிப்படை. அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. முதலில் துவர்ப்புப் பொருள்களை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். அப்போதுதான் பிறகு சேர்க்கும் வாசனையை எண்ணெய் பிடித்துக்கொள்ளும் என்று அரிஸ்டாட்டிலின் சீடர் தியோஃபிராஸ்டஸ் விளக்குகிறார். நம் சிலப்பதிகாரத்தில் மாதவி கூந்தல் ஆட்டுவதற்கு ஊறவைத்த சரக்குகளின் வரிசையைப் பாருங்கள்: பத்துத் துவர், ஐந்து விரை, 32 வகை ஓமாலிகை. அங்கேயும் துவர்தான் முந்துகிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு ஊரிலும் துவர் முன்னே நிற்கிறது என்பதே ருசியான செய்தி. அந்த ஐந்து விரையில் சந்தனமும் அகிலும் நம் மேற்கு மலைச் சரக்கு; கோட்டம் காஷ்மீரத்து வேர்.

முசிறியில் ஏறிய இன்னொரு பொருள் நளதம். நாட்டுமருந்துக் கடையில் சடாமாஞ்சில் என்று கேட்டால் தருவார்கள். முடி முளைத்த வேர்போல இருக்கும். இயேசுவின்மேல் ஒரு பெண் ஊற்றிய தைலம் இதுதான். ஒரு ராத்தலுக்கு 300 தெனாரியம் கிடைத்திருக்கும் என்று அங்கே முணுமுணுக்கிறார்கள். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் நாள் சம்பளம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வியன்னாவில் உள்ள கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பல் முசிறியிலிருந்து கொண்டுபோன சரக்கில் கங்கை நளதம் மட்டும் 60 பெட்டி என்கிறது. அரசாங்கம் பிடித்த வரி நாலில் ஒரு பங்கு. நளதம் இமயத்தில் விளைவது. ஆக, நம் துறைமுகம் விற்றதில் ஒரு பகுதி வேறொருவர் மலையின் வாசம்.

பொதியில் மலைச் சந்தனமோ பெரிப்ளஸின் முசிறி ஏற்றுமதிப் பட்டியலில் இல்லவே இல்லை. நாம் மார்பில் பூசிக் கொண்டாடியதை அவர்கள் அங்கே தேடவில்லை போலும்.

கப்பல்கள் வரும்போதும் வெறுமனே வரவில்லை. பெரிப்ளஸின் இறக்குமதிப் பட்டியலில் காசுக்கும் பவளத்துக்கும் ஒயினுக்கும் நடுவே அஞ்சனக்கல் இருக்கிறது. கண்ணுக்கு மை இழைக்கும் கல். கூடவே மனோசிலை, அரிதாரம் என்னும் இரண்டு பாஷாணங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ரோமச் சீமாட்டிகளின் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வயிற்றெரிச்சல் பட்டார். ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் என்று கணக்கும் காட்டினார். இங்கே வந்து இறங்கிய மைக்கல்லை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த மஞ்சள் பாஷாணம் இந்த ஊருக்கு அந்நியமில்லை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் மார்க்கி அரங்கில் கதகளி பார்க்கப் போனால், ஆட்டத்துக்கு முன்பே அணியறைக்குப் போய்விடுங்கள். நடிகர் மல்லாந்து படுத்திருக்க, மனயோலை என்ற மஞ்சள் கல்லை அரைத்து நீலம் கலந்து முகத்தில் பச்சை இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

(அடுத்த வாரம்: பவளம்)