பாலே மேடையில் கோயில் நடனமாது

விரல்நுனியில் நின்றாடும் ஐரோப்பியச் செவ்வியல் நடனமான பாலேவில் தமிழ்நாட்டின் நிழல் 1838இல் விழுந்தது. அவ்வாண்டு திருவந்திபுரத்துத் தேவதாசியர் பாரிசில் ஆடியதைக் கண்ட கவிஞர் தெயோபில் கோத்தியே, அம்மணி என்பவரின் ஆட்டத்தை வியந்து எழுதியதோடு, 1858இல் 'சகுந்தலா' பாலேவுக்குக் கதையும் அமைத்தார். அதற்கு நடனம் அமைத்த லூசியன் பெத்திபாவின் தம்பி மரியஸ், 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில், மின்குஸின் இசையோடு 'லா பாயடேர்' என்னும் பாலேவை அரங்கேற்றினார்.

நிக்கியா என்னும் கோயில் நடனமாது, சோலோர் என்னும் வீரனைக் காதலித்துப் பாம்பு தீண்டி இறக்கும் இக்கதையின் இந்தியா முற்றிலும் கற்பனையே; அபிநயமும் தாளக்கட்டும் அதில் இல்லை. ஆயினும், வெள்ளுடை அணிந்த நிழலுருவங்கள் ஒவ்வொன்றாகச் சரிவில் இறங்கி, ஒற்றைக்காலில் நின்று மறுகாலைப் பின்னே நீட்டும் ஒரே அசைவை மீண்டும் மீண்டும் நிகழ்த்தும் காட்சி, இந்தியச் சாயலே இல்லாத தூய நடனமாக இருப்பதனாலேயே இன்றும் தனித்து ஆடப்படுகிறது.

1902இல் நிக்கியாவாக ஆடிய அன்னா பாவ்லோவாவே, பிற்காலத்தில் தம்மிடம் பாலே பயில விரும்பிய ருக்மிணி தேவியைத் தாய்நாட்டு நடனத்தை நாடும்படி தூண்டினார். ருக்மிணி தேவி 1936இல் நிறுவிய கலாக்ஷேத்ரா, திருவான்மியூரில் இயங்குகிறது.