இங்கிலாந்துப் பள்ளிகளில் இயற்பியலும் மாணவியரும்

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பிறகு இயற்பியலைத் தொடர்ந்து படிப்போரில் மாணவியரின் பங்கு நெடுங்காலமாக ஐந்தில் ஒன்றை ஒட்டியே இருந்து வருகிறது. பதினாறு வயதுவரை எல்லோரும் அறிவியல் படித்தாக வேண்டும். அந்த வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. இயற்பியல் தேர்வில் மாணவியரும் மாணவரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் தேறுகின்றனர். அதற்கடுத்த இரண்டாண்டு ஏ-லெவல் படிப்பு தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளுக்கும் இலங்கையின் உயர்தர வகுப்புகளுக்கும் ஈடானது. பெரும்பாலோர் மூன்று பாடங்களை மட்டுமே தேர்ந்தெடுக்கும் அந்தக் கட்டத்தில்தான் மாணவியர் இயற்பியலை விட்டு விலகுகின்றனர். இதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. பள்ளியின் சூழல் மாறும்போது மாணவியரின் எண்ணிக்கையும் மாறுகிறது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனின் பல பள்ளிகள் மாணவரை ஆய்வகத்துக்கும் மாணவியரை மனையியல் வகுப்புக்கும் அனுப்பின. வட அயர்லாந்தின் லர்கன் நகரில் படித்த வானியலாளர் ஜோசலின் பெல் பர்னலுக்கும் இதுவே நேர்ந்தது. பெற்றோர் பள்ளியிடம் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அவருக்கு அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்தது. 1967-இல் அவர் பல்சர் எனப்படும் துடிக்கும் விண்மீன்களைக் கண்டறிந்தார்.

1975-ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இத்தகைய பிரிவினைக்கு முடிவுகட்ட முனைந்தது. ஆனால் பதினான்கு வயதில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை தொடர்ந்ததால், மாணவியரில் பெரும்பாலோர் அப்போதே இயற்பியலைக் கைவிட்டனர். 1988-ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த தேசியப் பாடத்திட்டம் பதினாறு வயதுவரை அறிவியலைக் கட்டாயமாக்கியது. விலகல் அதோடு நிற்கவில்லை, இரண்டாண்டு தள்ளிப்போனது.

ஆய்வுகள்

மான்செஸ்டரில் 1979-இல் தொடங்கிய 'கேர்ல்ஸ் இன்ட்டு சயன்ஸ் அண்ட் டெக்னாலஜி' திட்டம் இத்துறையின் முன்னோடி முயற்சி. அதில் பணியாற்றிய அலிசன் கெல்லி, அறிவியல் எவ்வாறு ஆண்களுக்கு உரியதாக ஆக்கப்படுகிறது என்பதை விளக்கினார். வகுப்பிலும் ஆசிரியர்களிலும் ஆண்களே மிகுந்திருப்பது, பாடநூல்களின் படங்களும் எடுத்துக்காட்டுகளும் ஆண்களின் உலகையே காட்டுவது, ஆய்வகக் கருவிகளை மாணவர் கைப்பற்றிக்கொள்ள மாணவியர் குறிப்பெடுப்போராக ஒதுங்க நேர்வது ஆகியவற்றை அவர் சுட்டினார்.

லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009-இல் தொடங்கிய 'ஆஸ்பையர்ஸ்' ஆய்வு, பத்து வயதிலிருந்தே மாணவ மாணவியரின் ஆர்வங்களைத் தொடர்ந்து கவனித்தது. இயற்கையிலேயே பெரும் அறிவாளியாகப் பிறந்தவருக்கே இயற்பியல் உகந்தது என்ற எண்ணம் மாணவ மாணவியரிடையே பரவலாக இருந்தது. நல்ல மதிப்பெண் பெறும் மாணவியர்கூட 'நான் அந்த அளவுக்குக் கெட்டிக்காரி இல்லை' என்று முடிவுகட்டிக்கொண்டனர். குடும்பத்தின் அறிவியல் அறிமுகமும் ஆசிரியரின் ஊக்கமும் நல்ல மதிப்பெண்ணும் ஒருங்கே வாய்த்த சிலரே நிலைத்தனர். மாணவருக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் இடத்தைப் பெற மாணவி விதிவிலக்கானவளாக இருக்க வேண்டியிருந்தது.

பள்ளியின் பங்கு

இயற்பியலாளர் அமைப்பான 'இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்ஸ்' 2012-இல் வெளியிட்ட அறிக்கை இப்பிரச்சினையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2011-இல் இங்கிலாந்தின் அரசு நிதியில் இயங்கும் இருபாலர் பள்ளிகளில் 49 விழுக்காட்டிலிருந்து ஒரு மாணவிகூட ஏ-லெவல் இயற்பியலுக்குச் செல்லவில்லை. மகளிர் பள்ளி மாணவியரோ இருபாலர் பள்ளி மாணவியரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகமாக இயற்பியலைத் தேர்ந்தெடுத்தனர். மகளிர் பள்ளிகளில் சேர்வோரின் குடும்பப் பின்னணி ஓரளவு வேறுபடலாம். ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளி, பாடத்தின் இயல்பைத் தாண்டிப் பள்ளியின் சூழலை நோக்க வைத்தது.

அதே அமைப்பு 2014 முதல் 2016 வரை நடத்திய முன்னோட்டத் திட்டம் இதை நடைமுறையில் சோதித்தது. மாணவியரின் தன்னம்பிக்கையை வளர்ப்பது, இயற்பியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, பள்ளி முழுவதிலும் பாலினம் பற்றிய வார்ப்பு எண்ணங்களைக் களைவது ஆகிய மூன்றும் சேர்ந்து நடந்த ஆறு பள்ளிகளில், பதினாறு வயதுக்குப் பின் இயற்பியலில் சேர்ந்த மாணவியரின் எண்ணிக்கை 16-லிருந்து 52 ஆக உயர்ந்தது. மாணவியரை மட்டும் மாற்ற முயல்வது போதாது என்பது இதன் முதன்மையான பாடம். கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, செய்முறையில் கருவி யார் கையில் இருக்கிறது, 'இது ஆம்பளப் பசங்க பாடம்' என்ற பேச்சு கண்டிக்கப்படுகிறதா என்பவை பள்ளி முழுவதும் கவனிக்கப்பட வேண்டியவை.

விவாதம்

2022 ஏப்ரலில், அரசின் சமூக முன்னேற்ற ஆணையத்துக்கு அப்போது தலைமை வகித்த பள்ளி முதல்வர் கேத்தரின் பிர்பல்சிங், கடினமான கணக்குகள் நிறைந்திருப்பதால் மாணவியர் இயற்பியலை விரும்புவதில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். அறிவியலாளர்கள் பலர் இதை மறுத்தனர். ஏ-லெவல் கணிதம் படிப்போரில் மாணவியரின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல். வேதியியலில் பாதிக்கும் மேல். கணக்குக்கு அஞ்சாத மாணவியர் இயற்பியலை மட்டும் தவிர்ப்பதைக் கணக்கின் கடினம் விளக்காது. இயற்கையான விருப்பமின்மை என்ற வாதமும் மகளிர் பள்ளிகளின் அனுபவத்துக்கு முன் வலுவிழக்கிறது.

விளைவுகள்

இயற்பியலை விடும் மாணவிக்குப் பொறியியலின் பல பிரிவுகளும் வானியலும் பல்கலைக்கழக இயற்பியலும் பதினாறு வயதிலேயே ஏறத்தாழ அடைபட்டுவிடுகின்றன. அத்துறைகளில் பெண்கள் குறைவதால் பள்ளிக்குத் திரும்பும் பெண் இயற்பியல் ஆசிரியர்களும் குறைகின்றனர். அடுத்த தலைமுறை மாணவியும் ஆண்கள் நிறைந்த வகுப்பையே காண்கிறாள். இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்ஸ் 2020-இல் தொடங்கிய 'லிமிட் லெஸ்' இயக்கம் பெற்றோர், ஆசிரியர், ஊடகத்தார் ஆகியோரை நோக்கிப் பேசுவது இதனால்தான். ஒரு சில பள்ளிகளில் நிறைவேறிய மாற்றத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் உரிய வழக்கமாக்குவதே இனி எஞ்சியுள்ள பணி. அது மாணவியரின் பொறுப்பன்று, கல்வியை நடத்துவோரின் பொறுப்பு.