விக்கிப்பீடியாவில் சான்று தேர்தல் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டிய தமிழ் விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். எழுதும் செய்தி முன்பே வேறோரிடத்தில் பொறுப்போடு வெளியாகியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. இதற்கு மெய்யறிதன்மை என்று பெயர். மலேசியாவின் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பற்றி எழுத வரும் மாணவருக்கு இவ்விதி கடுமையானது. இங்குள்ள தமிழரின் வரலாறு ஆங்கிலேய ஆட்சியின் கோப்புகளிலும் ஆங்கில நாளிதழ்களிலும் ஒரு பாதி, கிடைப்பதற்கு அரிதாகிவரும் தமிழ் அச்சில் மறுபாதி எனப் பிரிந்து கிடக்கிறது. ஒரு மூலம் எந்தச் செய்திக்கு நம்பகமானது என்று கேட்கப் பழகுவதே இங்கு முதல் பாடம்.

கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இதைக் கற்பிக்கச் சிறந்த தலைப்பு. 1941இல் அவ்வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும், வெள்ளைக்காரத் தோட்டத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பனவும் அவர்களின் கோரிக்கைகள். போராட்டத்தின் முன்னணியில் நின்றவரும் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவருமான ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அன்றைய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' செய்திகளைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகப் படிக்கலாம். நாள், இடம், அரசின் அறிவிப்பு ஆகியவற்றுக்கு அவை போதும். போராட்டம் ஏன் எழுந்தது என்பதற்கு அவை மட்டும் போதா. அது ஆட்சியாளரும் தோட்ட நிர்வாகிகளும் படித்த ஏடு. யாரோ தூண்டிவிட்டதால் நடந்த கலவரம் என்று மாணவர் அதிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதினால், ஆட்சியாளரின் தீர்ப்பு கலைக்களஞ்சியத்தின் கூற்றாகிவிடும். அந்த இடத்தில் மைக்கேல் ஸ்டென்சன் (1980), எச்.இ. வில்சன் (1981) போன்ற ஆய்வாளரின் எழுத்துகளை நாட வேண்டும். அவர்கள் பல தரப்புச் சான்றுகளை ஒப்பிட்டு எழுதியவர்கள்.

தாத்தா சொன்ன நேரடி அனுபவத்தைச் சான்றாகக் காட்ட விதி இடம்தராது. பல குடும்பங்களுக்கு இது வருத்தமளிக்கும், நியாயமான வருத்தமே. அந்த நினைவைப் பதிவுசெய்து, பதிப்பாசிரியர் உள்ள இதழிலோ நூலிலோ முதலில் வெளியிட வேண்டும். அதன்பின், இன்னார் இவ்வாறு நினைவுகூர்ந்தார் என்று பெயர் சுட்டிச் சேர்க்கலாம்.

சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்பது மாணவரிடையே பரவலான தவறான எண்ணம். ஆண்டும் பக்க எண்ணும் தந்தால் அச்சு நூலும் பழைய நாளிதழும் முழுத் தகுதி உடையவை. 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த 'தமிழ் நேசன்', 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் ஆய்வேடுகள், இராம சுப்பையா 1969இல் தொகுத்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூற்பட்டியல் ஆகியவற்றைத் தேடிப் போகாமல் இப்பகுதித் தமிழரைப் பற்றி நல்ல கட்டுரை எழுத முடியாது.

கோயில்கள் வெளியிடும் சிறப்பு மலர்கள் திருப்பணி, நிர்வாகக் குழு போன்ற விவரங்களுக்கு உதவும்; பெருமைக் கூற்றுகளுக்கு உதவா. மூலத்தின் வயதையும் பார்க்க வேண்டும். 2006இல் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், அதாவது 140 அடி. உலகிலேயே உயரமான முருகன் சிலை என்று பழைய பக்கங்கள் பல இன்னும் சொல்கின்றன. 2022இல் சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடிச் சிலைக்குக் குடமுழுக்கு நடந்துவிட்டது.

புள்ளிவிவரம் மலேசியப் புள்ளிவிவரத் துறையிலிருந்து வந்தாலும் கவனம் தேவை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் 6.7 விழுக்காட்டினர் இந்தியர். இதில் தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியரும் அடக்கம் என்பதால் தமிழர் எண்ணிக்கையாக இதை எழுதக் கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் பற்றிய சுற்றுலாப் பக்கங்கள் பல விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்து எழுதப்பட்டவை. அவற்றை மீண்டும் விக்கிப்பீடியாவுக்குச் சான்றாக்கினால் ஒரே கூற்று இரண்டு சான்றுபோல் தோன்றும். பக்கத்தின் வெளியீட்டு நாளையும் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தையும் ஒப்பிட்டால் எது முந்தியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐயம் தீராவிட்டால் 'சான்று தேவை' என்று குறித்து, பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதுவது தமிழ் விக்கிப்பீடியாவின் வழக்கம்.